திங்கட்கிழமை ஆள் வருவதில்லை: வருகை போனஸ் எப்படி அமைப்பது?

நூல்கண்டு
செவ்வாய், இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். ஏற்றுமதி ஆர்டர்தான், பெரும்பாலும் குழந்தைகள் டி-ஷர்ட். எங்களுக்குத் திங்கட்கிழமை என்றாலே தலைவலி. சனிக்கிழமை ராத்திரி வாரச் சம்பளம் போடுகிறோம். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் பவர் டேபிளில், அதாவது தையல் மெஷின் வரிசையில், பாதி மெஷின் காலியாக இருக்கிறது. லைன் முழுசாக ஓடுவது செவ்வாய்க்கிழமைதான். போன மாதம் ஒரு ஷிப்மெண்ட் தேதி தவறிப்போய் எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரில் லாபம் என்று எதுவும் மிஞ்சவில்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "திங்கட்கிழமை எல்லாரும் வர்ற மாதிரி ஒரு வருகை போனஸ் போடு, வெள்ளிக்கிழமைக்குள்ள கணக்கு வேணும்" என்று சொல்லிவிட்டார்.

எவ்வளவு வைத்தால் ஆட்கள் வருவார்கள்? வாரத்துக்குக் கொடுப்பதா, மாதத்துக்கா? ஒரு நாள் லீவு போட்டால் முழுதும் வெட்டுவதா, பாதியா? ஏற்கெனவே நடத்துகிறவர்கள் உங்கள் கணக்கைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை
செவ்வாய், இரவு 10.25

மாதத்துக்கு வைக்காதீர்கள். முதல் வாரமே ஒருவர் லீவு போட்டுவிட்டால் அந்த மாத போனஸ் அவருக்குப் போய்விட்டது. மீதி மூன்று வாரம் அவரை இழுக்க உங்களிடம் ஒன்றும் இல்லை. வாரச் சம்பளம் கொடுக்கும் ஊரில் போனஸும் வாரக்கணக்கில்தான் இருக்க வேண்டும்.

தொகையை இங்கே யாரும் சொல்ல முடியாது. உங்கள் பக்கத்துக் கம்பெனியில் என்ன தருகிறார்கள் என்று விசாரியுங்கள். அதற்குக் கீழே வைத்தால் பயன் இல்லை. திங்கட்கிழமைக்கு மட்டும் தனியாக வைக்காதீர்கள், சனிக்கிழமை லீவு போட ஆரம்பித்துவிடுவார்கள். ஆறு நாளும் வந்தால் இவ்வளவு என்று வையுங்கள்.

கிளிநொச்சிப் பெண்
புதன், காலை 6.15

அண்ணா, நான் ஆடைத் தொழிற்சாலையில் தையல் பகுதி மேற்பார்வையாளராக இருந்தவள். தொடங்கியது கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில். 1978இல் இலங்கையில் முதலாவதாகத் திறந்த வலயம் அதுதான். அங்கே நான் வேலை செய்த இடத்தில் வரவுக் கொடுப்பனவு இருந்தது. ஒரு நாள் லீவு எடுத்தாலும் அந்த மாதக் காசு வெட்டுப்படும்.

அதனால் என்ன நடந்தது என்று சொல்கிறேன். அங்கே தைக்கிற பெண்கள் காய்ச்சலோடு வேலைக்கு வருவார்கள். மெஷினுக்கு முன்னால் இருப்பார்கள், ஆனால் கை ஓடாது. அன்றைக்குத் தைத்ததில் பாதி பிரித்துத் தைக்க வேண்டி வரும். அடுத்த கிழமை அவளுக்குப் பக்கத்தில் இருக்கிற மூன்று பேருக்கும் காய்ச்சல். வரவுப் பதிவில் எல்லாரும் வந்திருக்கிறார்கள், மேலதிகாரிக்கு அது போதும். தையல் பகுதியில் நின்ற எங்களுக்குத்தான் தெரியும் என்ன நடந்தது என்று.

போனஸ் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு வேண்டியது ஆள் வருவதா, தைத்த துணி வருவதா என்று முதலில் யோசியுங்கள்.

பழைய மெக்கானிக்
புதன், காலை 8.05

கிளிநொச்சித் தங்கை சரியான இடத்தில் கையை வைத்துவிட்டார்.

நூல்கண்டு, உங்கள் முதலாளி உங்களிடம் ஒரு பிரச்சினையைக் கொடுக்கவில்லை. ஒரு தீர்வைக் கொடுத்து, அதற்கு அளவு எடுக்கச் சொல்லியிருக்கிறார். "வருகை போனஸ் போடு" என்பது தீர்வு. "திங்கட்கிழமை எல்லாரும் வர வேண்டும்" என்பதும் பார்க்க இலக்கு மாதிரி இருக்கிறது, ஆனால் அதுவும் தீர்வுதான். எல்லாரும் வந்து உட்கார்ந்து, அதற்குப் பிறகும் ஷிப்மெண்ட் தேதி தவறினால் உங்கள் முதலாளி சந்தோஷப்படுவாரா? மாட்டார். அப்படியென்றால் அவர் உண்மையில் கேட்பது வேறு ஏதோ ஒன்று.

நீங்கள் எழுதியதிலேயே அது இருக்கிறது. தேதி தவறியது, விமானத்தில் அனுப்பியது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை
புதன், காலை 9.30

மெக்கானிக் சார், மரியாதையோடு சொல்கிறேன். அவருக்கு வெள்ளிக்கிழமை கெடு. நம்மிடம் கேட்டது ஒரு கணக்கு. நாம் தத்துவம் சொல்கிறோம். சம்பளம் வாங்குகிறவர் முதலாளியிடம் போய் "உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்" என்று கேட்டால், அடுத்த வாரம் வேறு கம்பெனி தேட வேண்டியதுதான். பாதி மெஷின் காலியாக இருந்தால் உற்பத்தி குறையும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பழைய மெக்கானிக்
புதன், பகல் 1.10

கோபமில்லை சார். எனக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான் தோன்றியது. என்ன நடந்து மாறினேன் என்று சொல்கிறேன், சற்று நீளமாக இருக்கும்.

ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப்பிரிவில் இருந்தேன். நாங்கள் அனுப்பும் பாகத்தில் அடிபட்ட தழும்பு இருக்கிறது என்று வாங்குகிறவர்களிடமிருந்து புகார் வந்தது. மேலிடம் அன்றைக்கே முடிவு எடுத்தது: கடைசிச் சோதனையில் இரண்டு ஆள் கூடப் போடு. போட்டோம். புகார் நிற்கவில்லை. இன்னும் இரண்டு ஆள் போட்டோம். ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு பேர் கையில் எடுத்துப் பார்த்து அனுப்பினோம். அப்போதும் புகார் வந்துகொண்டிருந்தது. சோதனையில் இருந்த பையன்கள்தான் திட்டு வாங்கினார்கள். அதை இன்றைக்கு நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது, ஏனென்றால் அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஒரு நாள் நானே லாரியோடு போனேன். அங்கே பெட்டியைத் திறந்து பார்த்தால், பாகங்களுக்கு நடுவில் போடும் ரப்பர் விரிப்பு தேய்ந்து கிழிந்திருக்கிறது. ஒரகடத்தில் நல்லபடி ஏற்றியது, வழியில் குலுங்கி ஒன்றோடொன்று இடித்துத் தழும்பாகிறது. எங்கள் சோதனை நடந்ததெல்லாம் லாரியில் ஏற்றுவதற்கு முன்னால். இருபது ஆள் போட்டிருந்தாலும் பிடிபட்டிருக்காது.

"எத்தனை ஆள் போடுவது" என்று பேசிய அத்தனை கூட்டத்திலும் நானும் உட்கார்ந்திருந்தேன். "அவர்கள் கைக்குப் போகும்போது பாகம் நன்றாக இருக்க வேண்டும்" என்று ஒருவர் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், வழியைப் பற்றி யாருக்காவது ஞாபகம் வந்திருக்கும். அதை நானும் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ சொன்ன "ஐந்து தடவை ஏன் கேள்" என்பது எல்லாருக்கும் பாடம். மெஷின் நின்றுவிட்டது, ஏன்? ஃபியூஸ் போயிற்று. ஏன்? பாரம் கூடிப்போயிற்று. ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருக்கிறது. அது தேய்ந்ததற்குக் காரணம், வடிகட்டி இல்லாமல் உலோகத்தூள் உள்ளே போனது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடி நின்றிருக்கும். இது காரணத்தைத் தேடிக் கீழே இறங்கும் கேள்வி.

ஆனால் தமிழில் இன்னொரு கேள்வியும் நம்மிடம் இருக்கிறது: "எதற்காக?" ஏன் என்பது நடந்ததைத் திரும்பிப் பார்க்கும். எதற்காக என்பது இனிமேல் என்ன கிடைக்க வேண்டும் என்று பார்க்கும். ஆள் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன்னால், ஆள் எதற்காக வர வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தவறான ஃபியூஸுக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

வைகைக்கரை
புதன், மாலை 5.50

மதுரையில் ஒரு மருத்துவமனையில் நிர்வாகத்தில் இருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1976இல் டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கையோடு ஆரம்பித்தது. தடுக்கக்கூடிய பார்வையிழப்பு இருக்கவே கூடாது என்பது அவர் வைத்த இலக்கு. இலவச அறுவைச் சிகிச்சை அதற்கு ஒரு வழி.

இலவசம் என்று சொன்ன பிறகும் கிராமத்து ஜனங்கள் நிறையப் பேர் வரவில்லை. இலக்கு "இலவசமாகச் செய்வது" என்று இருந்திருந்தால் அதோடு வேலை முடிந்தது, நாங்கள் கொடுத்தோம், அவர்கள் வரவில்லை என்று விட்டிருப்பார்கள். பஸ் செலவு, சாப்பாடு, கூலி போவது, கூட வர ஆள் இல்லாதது என்று என்னென்ன தடுக்கிறது என்று பார்த்து, முகாமிலிருந்து வண்டி வைத்து அழைத்துவந்து, சாப்பாடு போட்டு, சிகிச்சை முடிந்து திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். கண்ணாடி வேண்டியவர்களுக்கு முகாமிலேயே கண்ணாடி தயார் செய்து கொடுத்தார்கள். அறுவைச் சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை தடையாக இருந்தது, 1992இல் ஆரோலேப் ஆரம்பித்து லென்ஸைத் தாங்களே செய்தார்கள். வழி ஒவ்வொரு தடவையும் மாறியது. பார்வை திரும்ப வேண்டும் என்பது மாறவில்லை.

என் வேலையில் நடந்த சின்ன விஷயம் ஒன்று. எங்கள் வெளிநோயாளர் பிரிவில் டாக்டர் அறைக் கதவை அடைத்துக்கொண்டு கூட்டம் நிற்கும். டோக்கன் மெஷின் வாங்க வேண்டும் என்று தலைமை நர்ஸ் கேட்டார், வாங்கினோம். கையில் டோக்கன் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றார்கள். அப்புறம்தான் ஒரு பாட்டியிடம் கேட்டேன், "உட்காருங்களேன், நம்பர் கூப்பிடுவாங்க" என்று. "பேரக் கூப்பிடுறது அங்க வரைக்கும் கேக்கலப்பா, ஒரு தடவ விட்டுட்டு கடைசியாப் பாக்க வேண்டியதாப் போச்சு" என்றார். காதில் விழாத பயம்தான் அத்தனை பேரையும் கதவடியில் நிறுத்தியிருந்தது. ஒரு ஆயாவை நடுக்கூடத்தில் நிற்கவைத்து அடுத்த ஐந்து பேரை உரக்கக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். கதவடி காலியானது.

நூல்கண்டு
புதன், இரவு 10.30

எல்லாருக்கும் நன்றி. மெக்கானிக் சார் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஒரு காகிதத்தில் இப்படி எழுதிப் பார்த்தேன்: "ஷிப்மெண்ட் தேதிக்கு நான்கு நாள் முன்னால் பேக்கிங் முடிந்திருக்க வேண்டும்." இதுதான் எனக்கும் முதலாளிக்கும் வேண்டியது. இதில் திங்கட்கிழமையும் இல்லை, போனஸும் இல்லை.

ஆனால் கணக்குப்பிள்ளை சார் சொன்னதும் உண்மை. எங்கள் முதலாளி ஒரே டேபிளில் ஆரம்பித்து இந்த அளவுக்கு வந்தவர். அவர் ஒன்று சொன்னால் எதிர்க்கேள்வி கேட்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. எப்படி இதை எடுத்துக்கொண்டு போவது?

ஆறாம் மாடி
வியாழன், காலை 7.20

நான் சென்னையில் மென்பொருள் வேலை. துறை வேறு, ஆனால் இந்தக் கஷ்டம் தினமும் பார்ப்பது. "அறிக்கையில் இன்னொரு பத்தி சேர்த்துக் கொடு" என்று கேட்பார்கள். சேர்த்துக் கொடுத்தால் இரண்டு வாரம் கழித்து அதை யாரும் பார்ப்பதே இல்லை.

"எதுக்கு சார்?" என்று நேராகக் கேட்டால் சண்டைக்கு வருவது மாதிரி இருக்கும். நான் கேட்பது இப்படி: "சரி சார், செய்துவிடுகிறேன். இது நன்றாக நடக்கிறது என்று நாம் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்?" இதற்கு யாரும் கோபப்பட்டதில்லை. பதில் சொல்லும்போது உண்மையான இலக்கு அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும். அவரே சொன்னது என்பதால் அதன்பிறகு வேறு வழி ஒன்றைச் சொன்னாலும் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

இன்னொன்று. அவர் கேட்ட போனஸ் கணக்கையும் கட்டாயம் போட்டு எடுத்துப் போங்கள். அவர் சொன்னதை மதித்திருக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

பவர்டேபிள் அக்கா
வியாழன், பகல் 2.15

தம்பி, நான் 14 வருசம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவள். இப்போது சொந்தமாக ஆறு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். எல்லாரும் நல்லது சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்.

திங்கட்கிழமை வராதது யாரு? ஷிப்ட் சம்பளக்காரரா, தைக்கிற பீஸுக்கு இவ்வளவு என்று வாங்குகிற பீஸ் ரேட்டா? ரெஜிஸ்டரைப் பிரித்துப் பார்த்தீர்களா?

நூல்கண்டு
வியாழன், இரவு 8.45

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் பார்த்தேன். எட்டு வாரத்து ரெஜிஸ்டரை உட்கார்ந்து பிரித்தேன். செக்கிங், அயர்னிங், பேக்கிங், டெய்லருக்கு உதவும் கைமடி எல்லாம் ஷிப்ட் சம்பளம். அவர்கள் திங்கட்கிழமையும் மற்ற நாள் மாதிரியே வந்திருக்கிறார்கள். வராதவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே பீஸ் ரேட் டெய்லர்கள்.

இத்தனை நாள் "ஆள் வரவில்லை" என்றே பேசிக்கொண்டிருந்தோம். யார் என்று பிரித்துப் பார்க்கவே இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் திங்கட்கிழமை குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள் என்று கம்பெனியில் எல்லாரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். எங்கள் டெய்லர்களில் பாதிப் பேர் பெண்கள், அதைக்கூட யோசிக்கவில்லை. அப்படிப் பேசியதற்கு வருத்தப்படுகிறேன்.

பவர்டேபிள் அக்கா
வியாழன், இரவு 9.30

நான் நினைத்தது சரிதான். இப்போது இதற்குப் பதில் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஒரு டெய்லர் வந்து மெஷினில் உட்கார்ந்தால், அவர் முன்னால் தைக்கிறதுக்கு பீஸ் இருக்குமா?

எனக்குத் தெரிந்து பல இடத்தில் இருக்காது. சனிக்கிழமை கட்டிங் மாஸ்டர் வாரக்கணக்கு முடிக்க வெட்டியதையெல்லாம் லைனுக்குத் தள்ளிவிடுவார். திங்கட்கிழமை காலையில்தான் புதுத் துணி டேபிளில் ஏறும். துணியை விரித்து, வெட்டி, நம்பர் போட்டு, பண்டல் கட்டி லைனுக்கு வர மதியம் இரண்டு, மூன்று மணி ஆகும். பிரிண்டிங்குக்குப் போக வேண்டிய பீஸ் என்றால் அன்றைக்கு வரவே வராது. பீஸ் ரேட் டெய்லருக்கு அதுவரைக்கும் ஒரு ரூபாய் வருமானம் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், சூப்பர்வைசர் பேச்சு வேறு கேட்க வேண்டும்.

நானும் திங்கட்கிழமை போக மாட்டேன். அன்றைக்குத்தான் ரேஷன் கடைக்குப் போவேன், துணி துவைப்பேன், பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஏதாவது இருந்தால் பார்ப்பேன். சோம்பேறித்தனம் இல்லை தம்பி. வேலை இல்லாத நாளில் வீட்டு வேலையை முடித்துக்கொண்டோம். உங்களுக்கு அது பிரச்சினையாகத் தெரிகிறது, எங்களுக்கு அது ஒரு தீர்வு.

நீங்கள் போனஸ் கொடுத்தால் வருவார்கள். வந்து சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காசும் போய், ஷிப்மெண்டும் இப்போது மாதிரியே தாமதமாகத்தான் போகும்.

பழைய மெக்கானிக்
வியாழன், இரவு 9.50

அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. மெஷினில் உட்கார்ந்தவரைக் கேட்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் நான் அதைச் சொல்லத் தவறிவிட்டேன்.

நூல்கண்டு
வெள்ளி, இரவு 11.05

இன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் கட்டிங் மாஸ்டரிடம் போனேன். "சனிக்கிழமையே திங்கட்கிழமைக்குக் கொஞ்சம் வெட்டி வைத்தால் என்ன?" என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்து, "நீங்கதானே சார் சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ளோர்ல ஒரு பண்டல்கூட இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?" என்றார்.

உண்மை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஃப்ளோரில் விட்டுவைத்த பண்டலில் பீஸ் குறைந்தது. இரண்டு தடவை அப்படி நடந்ததும் முதலாளி அந்த விதியைப் போட்டார். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டது நான். எனக்கே மறந்துபோயிருந்தது.

ஆக, திங்கட்கிழமை லைன் காலியாக இருப்பதற்குக் காரணம், நாங்கள் வேறொரு பிரச்சினைக்குப் போட்ட தீர்வு. அதன் இலக்கு என்ன என்று இப்போது யோசித்தால், "வெட்டிய பீஸ் எண்ணிக்கை குறையக் கூடாது" என்பதுதான். அதற்கு ஃப்ளோரைக் காலி செய்வது ஒரு வழி. பூட்டிவைத்து எண்ணிக் கையெழுத்து வாங்குவது இன்னொரு வழி.

மதியம் முதலாளியிடம் போனேன். போனஸ் கணக்கை முதலில் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "சரி" என்றார். பிறகு ஆறாம் மாடி சொன்னபடி, "இது நல்லா வேலை செய்யுதுன்னு எதை வச்சுப் பாக்கலாம்ங்க?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். "இனிமே ஒரு பெட்டிகூட ஏர்ல போகக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். அதற்கப்புறம் ரெஜிஸ்டரைக் காட்டினேன், டெய்லர்கள் திங்கட்கிழமை காலையில் வந்தால் என்ன நடக்கும் என்று அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் ஆரம்ப காலத்தில் தானே மெஷின் ஓட்டியவர். "நானும் பீஸ் இல்லாம உக்காந்திருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார். போனஸைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, கட்டிங்கை முதலில் மாற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

பட்டுச்சேலைப் பிரிவு
சனி, காலை 7.45

மூன்று வருடத்துக்கு முன்னால் போட்ட விதி என்று படித்ததும் எழுதத் தோன்றியது. ஜவுளிக்கடையில் 11 வருடமாக இருக்கிறேன், இப்போது தளப் பொறுப்பாளர். எங்கள் தொழிலில் விற்பனைப் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். எதற்காக என்று கேட்டால், வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் உடனே கவனிக்க வேண்டும் என்பார்கள். அது நல்ல இலக்குதான். ஆனால் கடையில் ஆளே இல்லாத மதிய நேரத்திலும் நின்றார்கள். கால் வீங்கி, இடுப்பு வலி வந்து, வேலையை விட்டுப் போனார்கள். புதிதாக வந்த பெண்ணுக்கு எந்தச் சேலை எந்த அலமாரியில் என்று தெரியாது. கவனிப்பு கெட்டது அப்படித்தான்.

கேரளாவில் 2018இலும் நம் மாநிலத்தில் 2021இலும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நான் இருந்த தளத்தில் முக்காலி போட்டபோது மேலிடத்துக்குப் பயம், வாடிக்கையாளர் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கால் வலி இல்லாதவள்தான் சிரித்த முகத்தோடு எழுந்து வருகிறாள். இத்தனை வருடம் அந்தப் பெண்களை நிற்கவைத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை
சனி, காலை 11.20

நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். போனஸ் கணக்கு கேட்டவருக்குப் போனஸ் கணக்கு கொடுத்தேன், அது போதவில்லை. அக்கா கேட்ட கேள்வியை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும், ரெஜிஸ்டர் என் வேலை.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த "எதற்காக" கேள்விக்கு ஒரு எல்லை வேண்டும். ஷிப்மெண்ட் எதற்காக? லாபத்துக்காக. லாபம் எதற்காக? இப்படியே போனால் கடைசியில் எல்லாரும் நன்றாக வாழ வேண்டும் என்பதில் போய் நிற்கும். அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய முடியும்? மேலே போகப் போக கேள்வி அழகாகிறது, வேலைக்கு ஆவதில்லை. எங்கே நிறுத்துவது?

பழைய மெக்கானிக்
சனி, பகல் 12.40

நல்ல கேள்வி. என் அனுபவத்தில் இரண்டு விஷயம் பார்ப்பேன். அந்த வாக்கியத்தை அடைய குறைந்தது மூன்று வழியாவது எனக்குத் தோன்ற வேண்டும். ஒரே வழிதான் தோன்றுகிறது என்றால் நான் இன்னும் தீர்வுக்குள்ளேயே நிற்கிறேன், ஒரு படி ஏற வேண்டும். இரண்டாவது, அந்த வழிகளில் ஒன்றாவது என் கைக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் ஒரு படி அதிகமாக ஏறிவிட்டேன், இறங்க வேண்டும். "பேக்கிங் நான்கு நாள் முன்னால் முடிய வேண்டும்" என்பதில் இரண்டும் இருக்கிறது. கட்டிங்கை மாற்றலாம், பிரிண்டிங்குக்கு முன்கூட்டியே அனுப்பலாம், ஆர்டர் எடுக்கும்போதே தேதியைப் பார்த்து ஒத்துக்கொள்ளலாம். மூன்றாவது அவர் கையில் இல்லை, முதல் இரண்டும் இருக்கிறது.

ஆறாம் மாடி
சனி, பகல் 1.30

வாக்கியத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கவும் பழகலாம். "வாங்க வேண்டும்", "போட வேண்டும்", "வைக்க வேண்டும்", "ஆள் எடுக்க வேண்டும்" என்று முடிந்தால் பெரும்பாலும் அது வழி. எங்கள் குழுவில் அப்படி ஒரு வரி வந்தால் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, "இதனால் என்ன மாறும்" என்று எழுதச் சொல்கிறேன். அந்த இடம் காலியாகவே இருந்தால் அதை எடுத்துச் செய்வதில்லை.

நூல்கண்டு
ஐந்து வாரம் கழித்து, திங்கள், இரவு 9.15

மன்னிக்க வேண்டும், ஷிப்மெண்ட் நேரம், எழுத முடியவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை ராத்திரியே துணியைப் பிரித்துப் போட்டுவிடுகிறோம். பின்னல் துணி இழுபட்டிருக்கும், அது அடங்க நேரம் கொடுக்காமல் வெட்டினால் அளவு தப்பும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல், திங்கட்கிழமை அரை நாளுக்குத் தேவையான பண்டல் கட்டி, கட்டிங் அறையிலேயே ரேக்கில் வைத்துப் பூட்டுகிறோம். முதல் வாரம் டெய்லர்கள் நம்பவில்லை, வழக்கம்போலத்தான் வந்தார்கள். வந்த சிலருக்குக் காலையிலேயே பீஸ் கிடைத்தது. அந்தச் செய்தி தானாகப் பரவியது. மூன்றாவது வாரத்திலிருந்து பெரும்பாலானவர்கள் திங்கட்கிழமை காலையிலேயே வருகிறார்கள். போனஸ் கொடுக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான்காவது வாரம் டையிங்கிலிருந்து (சாயம் போடும் இடம்) வந்த துணி, நிறம் ஒத்துவராமல் திருப்பி அனுப்பினோம். சனிக்கிழமை வெட்ட ஒன்றும் இல்லை. அன்றைக்கு என்ன செய்வது என்று யோசித்து, எல்லாருக்கும் போன் போட்டு, "திங்கட்கிழமை மதியம் வந்தால் போதும்" என்று சொல்லச் சொன்னேன். சூப்பர்வைசர் தயங்கினார், லீவு கொடுத்து நாமே கெடுக்கிறோமே என்று. ஆனால் அன்றைக்கு மதியம் கிட்டத்தட்ட எல்லாரும் வந்துவிட்டார்கள். ஊரிலிருந்து பஸ் பிடித்து வருகிற திண்டுக்கல் பெண்கள் இரண்டு பேர், "இப்பத்தான் சார் எங்களையும் ஒரு ஆளா நெனச்சுப் போன் பண்ணிருக்கீங்க" என்றார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இடையில் போன ஒரு ஷிப்மெண்ட் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் பேக்கிங் முடிந்தது. நான் எழுதி வைத்த நான்கு நாள் இன்னும் வரவில்லை. டையிங் பக்கம் இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

கிளிநொச்சிப் பெண்
செவ்வாய், காலை 6.30

வாசிக்கச் சந்தோசமாக இருக்கிறது அண்ணா. ரேக்கில் வைக்கிற பண்டலுக்குக் கணக்கு எப்படி எழுதுகிறீர்கள்? என் தங்கை இப்போது ஒரு சின்னத் தையல் நிலையம் நடத்துகிறாள், அவளுக்கும் பீஸ் குறைகிற கரைச்சல் இருக்கிறது.

நூல்கண்டு
செவ்வாய், இரவு 8.20

சாதாரண நீள நோட்டுதான் தங்கை. லாட் நம்பர், பண்டல் நம்பர், சைஸ், சனிக்கிழமை வைத்த பீஸ், திங்கட்கிழமை எடுத்த பீஸ் என்று ஐந்து பத்தி. வைக்கும்போது கட்டிங் மாஸ்டர் கையெழுத்து, எடுக்கும்போது லைன் சூப்பர்வைசர் கையெழுத்து. சாவி ஒன்று மாஸ்டரிடம், ஒன்று என்னிடம். பண்டல் மேல் கட்டும் சீட்டில் இருக்கும் எண்ணிக்கையை அப்படியே நோட்டில் எழுத விடாதீர்கள், திங்கட்கிழமை ஒரு தடவை எண்ணித்தான் எழுத வேண்டும். இதுவரைக்கும் ஒரு தடவை மூன்று பீஸ் குறைந்தது. தேடிப் பார்த்ததில் சனிக்கிழமையே எண்ணியதில் தவறு, பீஸ் கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடந்தது.